மிஸி கேட்ட கல்

பிள்ளை பிறந்த வீட்டில் மிஸி சீலை வாங்கமாட்டார். காசை நீட்டினால், "உதுக்கு மீன் வாங்கி உவளுக்குக் குடும்" என்று திருப்பித் தள்ளுவார். கோழி, பனங்கட்டி, ஒடியல்மா எதுவும் வேண்டாம். கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஈரக்கையோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், வேலி எல்லாம் பார்த்து முடிந்ததும் வந்து சொல்லுவார்: "அம்மிக்குக் கீழை ஒரு கல்லுக் கிடக்கு. அதைத் தாங்கோ."

நெடுந்தீவில் கல்லுக்கா பஞ்சம்? ஒரு முழம் தோண்டினால் முருகைக்கல். கடல் எந்தக் காலத்திலோ விட்டுப்போன பவளப்பாறையின் மேல்தான் ஊரே இருக்கிறது. வளவுக்கு வளவு கல்லை அடுக்கித்தான் வேலி. அப்படிப்பட்ட ஊரில், பிரசவம் பார்த்த மருத்துவிச்சி கூலியாகக் கல்லைக் கேட்டால் சனம் என்ன சொல்லும்? "மிஸிக்கு விசர்" என்றுதான் சொன்னது. நானும் சொன்னேன். சொன்னவர்களில் கூடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

மிஸி என்பது எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் அரசாங்க மருத்துவிச்சிமாரையும் கூப்பிடுகிற பெயர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். இன்னொருவருடைய பெயரை வைத்துக் காக்கிற தகுதி எனக்கில்லை என்பது இதை வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

காரைநகர் ஆள். குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கி, லோஞ்ச் ஏறி, இரண்டு வருசத்துக்கென்று மாற்றலாகி வந்தவர். நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது அது பத்து வருசமாகியிருந்தது. நெட்டையான ஒல்லி மனுசி. வெள்ளைச் சீலை, கறுப்புக் குடை, சைக்கிளின் பின்னால் கட்டிய கறுப்புப் பெட்டி. கலியாணம் கட்டவில்லை. "ஏன் மிஸி?" என்று பெண்கள் கேட்டால், "நீங்கள் கட்டிப்போட்டுக் கத்துற கத்தை நான்தானே கேக்கிறன், பிள்ளை" என்பார். நோவில் கிடக்கிறவளும் சிரித்துவிடுவாள்.

அவர் கேட்டது எல்லாக் கல்லையும் அல்ல. வெட்டிச் சதுரமாக்கிய கல்லை மட்டும்தான். ஊரின் மேற்கே, பனங்கூடலைத் தாண்டினால் ஒரு வெளி. நடுவில் முழங்கால் உயரத்துக்கு வட்டமாக ஒரு கற்கட்டு. அதைச் சுற்றி வரிசை வரிசையாக அறைகளின் அத்திவாரம், மண்மூடிய ஒரு சதுரக் கிணறு, ஓட்டுத் துண்டுகள். தீவில் தம்பாட்டில் திரிகிற குதிரைகள் மத்தியான வெயிலுக்கு அங்கே வந்து நிற்கும். நாங்கள் அதை இராசா கோட்டை என்போம். எந்த இராசா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வீடு கட்டுகிறவன் அங்கே போய், வெட்டித் தயாராகக் கிடக்கிற கல்லில் நாலு தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். என் மாமனாரின் தகப்பனும் அப்படித் தூக்கினவர்தான். அதைக் களவென்று யாரும் நினைத்ததில்லை.

"கோட்டையுமில்லை, கத்தரிக்காயுமில்லை" என்பார் மிஸி. "துறவியள் இருந்த பள்ளி உது. மடம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மிஸி?" என்று ஒருநாள் நான் நக்கலாகக் கேட்டேன்.

அவர் என்னை அந்த அறை ஒன்றின் அத்திவாரத்துக்குள் நிற்கச் சொன்னார். பிறகு தானும் வந்து நின்றார். இரண்டு பேருக்குக் குனிந்து நிமிர இடம் காணாது.

"இப்ப சொல்லும். இதுக்குள்ளை ஒரு பிள்ளைப்பேறு பாக்க ஏலுமே? தாய் படுத்தால் நான் எங்கை நிக்கிறது? சுடுதண்ணிச் சட்டியை எங்கை வைக்கிறது? இருபத்திரண்டு அறை அளந்தனான். எல்லாம் ஒரு ஆள் படுக்கிற அளவு. ஒரு மருத்துவிச்சியும் உள்ளுக்கு வராத வீடு எண்டால், அதிலை இருந்தவை ஆர்?"

அளந்தது கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கிற அதே நாடாவால். ஒரு நீல மட்டைக் கொப்பியில் எல்லாம் கீறி வைத்திருந்தார். எந்தக் கல் யார் வீட்டில் என்னவாகக் கிடந்தது என்பதும் அதில் இருக்கும். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல், கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்த கல், பூவிதழ் வெட்டியிருந்தும் உரலுக்கு அணையாகக் கிடந்த கல். பிரசவத்துக்குப் போகிறவருக்குத்தானே ஊரில் எல்லா வீட்டின் குசினியும் தெரியும்? ஊருக்குப் பொறுப்பான விதானையாருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

கேட்ட கல்லை அவர் தூக்கமாட்டார். பிள்ளையின் தகப்பன்தான் தோளில் வைத்து வெளிவரைக்கும் கொண்டுபோக வேண்டும். இருந்த இடம் தெரிந்தால் அந்த இடத்தில் வைப்பிப்பார். தெரியாவிட்டால் பூவரச மரத்துக்குக் கீழே வரிசையாக வைக்கச் சொல்லுவார். "இவை கிளினிக்குக்கு வந்து நிக்கிற சனம். முறை வரட்டும்" என்பார். ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல்லை ஏற்றிக் கட்ட விடமாட்டார். "நான் கட்ட வரேல்லை. அங்கை இருந்தது அங்கை இருந்தால் காணும்." இந்தச் சொல்லை அவர் எதற்கும் சொல்லுவார். பிரசவ வீட்டில் குத்துவிளக்கை நகர்த்தினாலும் போகும்போது திருப்பி வைத்துவிட்டு, "அது அங்கை இருந்தது" என்பார்.

ஊர்ச்சனம் சும்மா இருக்குமா? வீட்டில் வெட்டுக்கல் இல்லாதவர்களுக்கு இது ஒரு குறையாகப் போய்விட்டது. மிஸிக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்ற வெட்கத்தில், மீன்பிடிக்கிற ஒருவன் மனைவிக்கு எட்டாம் மாதம் ஆனதும் அந்த வெளிக்கே போய் ஒரு கல்லைக் கிளப்பிக்கொண்டு வந்து குசினிக்குள் வைத்துவிட்டான். பிள்ளை பிறந்தது. மிஸி வழக்கம்போலச் சுற்றி வந்தார். கல்லைக் குனிந்து தடவினார். விரலைப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாக் கிடக்கு இது?"

"என்ரை அப்பு காலத்திலை இருந்து, மிஸி."

"அப்பு சமைக்காமலே சீவிச்சவரோ? அடுப்படியிலை கிடந்த கல்லிலை ஒரு பொட்டுக் கரியில்லை. அடியிலை புல்லுவேர் கிடக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவனையே தூக்க வைத்து, குழி கிடந்த இடத்தில் திருப்பி வைப்பித்தார். "உன்ரை பிள்ளைக்கு நீ ரெண்டு தரம் கல்லுச் சுமந்தனி. நல்லா இருப்பாள்" என்றார். அப்படிக் களவெடுத்து அன்பளிப்புச் செய்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. ஒருவரையும் அவர் ஏசியதில்லை.

நான் எண்பத்து மூன்றில் திரும்பி வந்தவன். தெற்கில் ஒரு பலசரக்குக் கடையில் பதின்மூன்று வருசம் நின்றேன். கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு மனைவியின் சீதன வீட்டில் ஏறினேன். எங்கள் கடையை எரித்தவர்களைப் பற்றிச் சந்திக் கடையில் நான் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சனம் கேட்டுக்கொண்டிருக்கும். என்னை மூன்று நாள் தன் அறைக்குள் மறைத்து வைத்துச் சோறு போட்டவரும் ஒரு சிங்கள மனுசிதான். அதை மட்டும் நான் சொல்வதில்லை. சொன்னால் கதையின் காரம் குறைந்துவிடும். அவ்வளவு கேவலமான ஆள் நான்.

அந்த வீட்டுக் கிணற்றடியில்தான் அந்தக் கல் கிடந்தது. கால் கழுவ ஏறி நிற்கிற கல். இரண்டு முழ நீளம், ஒரு பக்கம் உடைந்தது. மனைவிக்கு ஐந்தாம் மாதம், மிஸி வயிறு பார்க்க வந்தவர், கால் கழுவ அதில் ஏறினார். ஏறியவர் உடனே இறங்கினார். உடைந்த விளிம்பைப் பார்த்தார். குடையை என்னிடம் தந்துவிட்டு, வெள்ளைச் சீலையோடு அந்தச் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தார். கல்லுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு கை போகிற அளவுக்கு நீர் அரித்திருந்தது. அதற்குள் முழங்கைவரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்லத் தடவினார். என் மனைவியின் வயிற்றை எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"இருக்கு," என்றார். "எழுத்து இருக்கு. குப்புறக் கிடக்கு."

அவருடைய முகத்தை அப்படி நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த வெளியில், வட்டக் கட்டுக்குப் பக்கத்தில், இதன் மறுபாதி கிடந்தது. எழுத்து வெட்டிய பாதி. அதன்மேல் கடதாசியை வைத்து அடுப்புக்கரியால் தேய்த்துப் பிரதி எடுத்து, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கிற ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார். ஆயிரம் வருசத்துக்குக் கிட்டவான எழுத்து, தமிழ் எழுத்து, 'இப்பள்ளிக்கு விட்ட விளக்கு ஒன்று' என்று முடிகிறது, விட்டவர் யார் என்பது உடைந்துபோன முன்பாதியில் இருக்கவேண்டும் என்று அவர் பதில் எழுதியிருந்தார். அந்த முன்பாதியை மிஸி ஒன்பது வருசமாக வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் அதன்மேல் ஏறி நின்று கால் கழுவிக்கொண்டிருந்தோம்.

அன்று அவர் கல்லைக் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கமுதல் கேட்கிற வழக்கம் அவருக்கில்லை. சீலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

பிள்ளை எண்பத்து நாலில், சோழகக் காற்றில் வந்தது. கடல் கொந்தளித்து மூன்று நாளாக லோஞ்ச் ஓடவில்லை. பிள்ளை கால்மாறிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. காலமை தொடங்கிய நோ அடுத்தநாள் மத்தியானம்வரை நீண்டது. உள்ளே மனைவி கத்திய கத்தும், பிறகு கத்தாமல் விட்டதும் என் காதில் இன்னும் இருக்கிறது. கத்தாமல் விட்டதுதான் கூடப் பயம். மிஸி ஒரு தரம் வெளியே வந்தார். கையெல்லாம் இரத்தம். "தேத்தண்ணி ஊத்தித் தாரும். சீனி கூடப் போடும்" என்றார். நின்றபடி குடித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள். நான் முற்றத்து மண்ணில் விழுந்து அழுதேன்.

"மிஸி, என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. என்ரை உயிரைக் கேளுங்கோ."

"உம்மடை உயிரை வைச்சு நான் என்ன செய்யிறது? அந்தக் கல்லைத் தாரும்."

"ஓம் மிஸி. முப்பத்தொண்டாம் நாள் துடக்கு முடியட்டும். நானே தோளிலை வைச்சுக் கொண்டு வாறன்."

"சத்தியமோ?"

பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். ஒருநாள் வயது ஆகாத பிள்ளையின் தலை.

ஒரு கிழமைக்குள் ஊருக்குக் கதை பரவிவிட்டது. சந்திக் கடையில் ஒருவர் தொடங்கினார்: "புத்த பள்ளியெண்டு கல்லிலை எழுதிக் கிடக்காம். நாளைக்கு அவங்கள் வந்து இது எங்கடை இடம், எழும்படா எண்டால் என்ன செய்யப்போறியள்?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெற்கில் எரிபட்டு வந்தவன் நான்தானே, நான்தானே சொல்லவேண்டும். எனக்கு ஏறிவிட்டது. "கடையை எரிச்சவனுக்குக் கல்லைத் தூக்கிக் குடுக்க எனக்கென்ன பைத்தியமே?" என்றேன். கடை முழுக்க "அதுதானே!" என்றது. அந்த "அதுதானே" எவ்வளவு இனித்தது என்று இன்றைக்குச் சொல்ல நாக்கூசுகிறது.

மிஸியின் காதுக்கும் அது போனது. பிள்ளையை நிறுக்க வந்தபோது, தராசைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"தமிழன் ஒருத்தன் விட்ட விளக்கு எண்டு தமிழிலை எழுதிக் கிடந்தால், அதை ஆர் தங்கடை எண்டு கொண்டு போறது? விளக்கு விட்டவன்ரை பேர்தான் அவையளுக்கும் மறுமொழி, உங்களுக்கும் மறுமொழி. அதை ஒளிச்சால்தான் வாறவன் போறவன் எல்லாம் கதை கட்டுவான். யோசியும்."

நான் யோசிக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கிற நாள். ஐயர் வருவார், பிள்ளைக்கு முடி வழிப்பார்கள், சொந்தக்காரர் எல்லாம் வருவார்கள். அதற்குமுதல் வீட்டுக்கு வெள்ளையடிக்கவேண்டும். மனைவியின் தமையன் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தான். முருகைக்கல்லை உடைத்துப் பனங்குற்றியோடு அடுக்கி எரித்தால் சுண்ணாம்பு. அவன் வந்து கிணற்றடியில் நின்றுகொண்டு சொன்னான்:

"மச்சான், சூளைக்குக் கல்லுக் கொஞ்சம் காணாது. உந்தக் கல்லைத் தாவன். பழங்கல்லு. பால்மாதிரி வெள்ளை வரும். உன்ரை சோலியும் முடிஞ்சுது."

சோலி முடிந்தது. அதைத்தான் நானும் நினைத்தேன். கல் இல்லாவிட்டால் சத்தியமும் இல்லை, சந்தியில் ஒருவருக்கும் மறுமொழி சொல்லவும் தேவையில்லை.

அலவாங்கால் நெம்பிப் புரட்டினோம். அடியில் மண் அப்பியிருந்தது. மச்சான் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினான். எழுத்து வெளியே வந்தது. நாலு வரி. நேற்று வெட்டியதுபோல இருந்தது. எத்தனையோ காலம் குப்புறக் கிடந்ததில் வெயிலும் படவில்லை, காலும் படவில்லை. வளைவு வளைவான எழுத்து. சில எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்தைப்போலவே இருந்தது. எழுத்துக் கூட்டினால் வாசிக்கலாம்போல இருந்தது. அதனால்தான் நான் வாசிக்கவில்லை. கண்ணை எடுத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். "நான் அடிக்கிறன் மச்சான்" என்று அவன் கேட்டான். கொடுக்கவில்லை. எழுத்துக் கிடந்த பக்கத்தில்தான் முதல் அடி அடித்தேன். ஏழெட்டு அடியில் பத்துப் பன்னிரண்டு துண்டாகிப்போனது.

அப்போது மனைவி அறை வாசலில் பிள்ளையோடு நின்றாள். துடக்குக்காரி, வெளியே வரக்கூடாது. "எணேய், மிஸிக்கு என்ன சொல்லப்போறியள்?" என்றாள். "நீ உள்ளை போ" என்றேன்.

சுண்ணாம்பு நன்றாகத்தான் வந்தது. நானே அடித்தேன். நாலு அறை, விறாந்தை, குசினிச் சுவர். வந்த சனமெல்லாம் "என்ன வெள்ளை!" என்றது.

மிஸி முப்பத்தோராம் நாள் ஐயர் போனபிறகு வந்தார். பிள்ளைக்குத் தானே தைத்த சட்டை ஒன்று கொண்டுவந்தார். வாடகைக்கு ஒரு கைவண்டியும் பிடித்து ஒழுங்கையில் நிறுத்தியிருந்தார். "உம்மடை தோள் பாவம், வண்டியிலை ஏத்துவம்" என்று சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். கல் கிடந்த இடம் நீளச் சதுரமாக ஈரம் காயாமல் கிடந்தது. மண்புழு நெளிந்தது.

"எங்கை?"

"மிஸி... ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள். விடியப் பாத்தால் காணேல்லை."

அவர் குனிந்து மண்ணிலிருந்து ஒரு சிறு சில்லை எடுத்தார். கல்லுச் சில். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு எந்தச் சூளை?"

"மச்சான்ரை, மிஸி."

"ம்." சில்லைச் சீலைத் தலைப்பில் முடிந்தார். "பிள்ளைக்குப் பால் காணுதோ?"

அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசித் தப்பியிருப்பேன். அவர் உள்ளே வந்து பாயில் இருந்து, பிள்ளையை மடியில் வைத்து, தொப்புளைப் பார்த்து, என் மனைவிக்குப் பத்தியம் சொன்னார். சுவரில் கையை ஊன்றி எழும்பினார். கைவண்டியை வெறும் வண்டியாக அனுப்பிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

மூன்று வருசம் கழித்து மகன் பிறந்தபோது அவர்தான் வந்தார். வரமாட்டாரோ என்று பயந்துபோய் நான் கூப்பிடவே போகவில்லை. மனைவி பக்கத்து வீட்டுப் பெட்டையை அனுப்பியிருக்கிறாள். எல்லாம் சுகமாக முடிந்து கையைக் கழுவியபிறகு, அவர் வழக்கம்போல வீட்டைச் சுற்றவில்லை. நேரே குடையை எடுத்தார்.

"மிஸி, ஏதாவது கேளுங்கோ," என்றேன்.

"இந்த வீட்டிலை இனிக் கல்லில்லைத்தானே," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். உள்ளதைச் சொன்னார்.

அந்தப் பேராசிரியர் ஒருமுறை இரண்டு மாணவர்களோடு வந்தார். ஊரே வெளியில் கூடி நின்றது. நானும் பின்வரிசையில் நின்றேன். அவர் வட்டக் கட்டைச் சுற்றி வந்து, அறைகளை எண்ணி, பூவரசின் கீழ் வரிசையைப் பார்த்து, "இவ்வளவையும் ஆர் திருப்பிக் கொண்டுவந்தது?" என்று கேட்டார். "பிள்ளையளின்ரை தேப்பன்மார்," என்றார் மிஸி. பாதிக் கல்லின்முன் குந்தி இருந்து அந்தக் கடைசிச் சொற்களை எங்களுக்கு வாசித்துக் காட்டினார் பேராசிரியர். தமிழைக் கேட்ட சனம் ஒருவரையொருவர் பார்த்தது. சந்திக் கடையில் "எழும்படா எண்டால் என்ன செய்யப்போறியள்" என்று கேட்ட அதே ஆள், "அப்ப இது எங்கடை ஆக்கள்ரையே?" என்றார். அப்படிச் சட்டென்று மாறிவிட்டார்!

"மற்றப் பாதியிலை பேர் இருக்கும். அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லையோ, மிஸி?" என்று பேராசிரியர் கேட்டார்.

மிஸி கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். என் முகத்தில் கண் பட்டது, தங்கவில்லை.

"இல்லை, சேர். அது கிடைக்கேல்லை."

கல்லைத் தடவியே புழுகைக் கண்டுபிடிக்கிற அந்த மனுசி, எனக்காக ஒரு பொய் சொன்னார். பேராசிரியர் தன் கொப்பியில் எழுதினார். சனத்துக்குள் நுழைந்து கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். 'கொடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையில் தீவுகளில் இருந்த சனம் திக்குத்திக்காகப் போனது. நாங்களும் போனோம். மிஸி எங்களுக்குமுன்னமே காரைநகருக்குப் போய், அங்கேயும் இருக்க ஏலாமல் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு அகதி முகாமில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். நடந்து போனவர்களுக்குள் கறுப்புப் பெட்டியோடு நின்றாராம். அதற்குப் பிறகு தகவல் இல்லை. நீலக் கொப்பி என்னவாயிற்றோ தெரியாது. தேடிப் போயிருக்கலாம். எந்த முகத்தோடு போகிறது?

ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, சொல்ல வெட்கத்தில் விட்டேன்.

முப்பத்தோராம் நாள் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார் என்றேன். ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போனார். மற்றக் கையை உடம்பில் முட்டாமல் விரித்தபடி வைத்திருந்தார். சுவரில் ஊன்றி எழும்பியபோது பட்ட புதுச் சுண்ணாம்பு அந்த உள்ளங்கை முழுக்க அப்பியிருந்தது. எவரும் சீலையில் துடைத்துவிடுவார்கள். அவர் துடைக்கவில்லை. எனக்கு அது விளங்கவில்லை. விளங்காமல் பின்னாலேயே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஒரு எண்ணமும் இருந்தது.

வெளியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அவர் அந்தப் பாதிக் கல்லின் பக்கத்தில் குந்தினார். சுண்ணாம்புக் கையை அதன் உடைந்த விளிம்பில், எங்கள் வீட்டுக் கல் பொருந்தவேண்டிய இடத்தில், வைத்து அழுத்தினார். எடுத்தபோது ஐந்து விரலும் வெள்ளையாகக் கல்லில் இருந்தது. சீலைத் தலைப்பை அவிழ்த்து, அந்தச் சில்லையும் விளிம்போடு ஒட்ட வைத்தார். "அது அங்கை இருந்தது" என்று அன்று அவர் சொல்லவில்லை.

திரும்பாமலே என்னிடம் கேட்டார்.

"நீர்தானே வெள்ளையடிச்சனீர்?"

"ஓம் மிஸி."

"இஞ்சை வாரும். உம்மடை கையிலையும் கிடக்கும். விளக்கு விட்டவன்ரை பேர்தான். கொண்டுவந்து இதிலை வையும்."

எனக்காக அவர் விலகி இடம்விட்டார். நாலடி தூரம். போய் வைத்திருக்கலாம். அந்தக் கல்லின்முன் குனிந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் கழுவிப்போட்டன் மிஸி," என்றேன்.

நகக்கண் பத்திலும் சுண்ணாம்பு இருந்தது.